ஸி முஃபத்தலின் இடப்பக்கக் கட்டு

நவம்பர் 3, திங்கள்.

இன்றைய தவறு: பதில் எழுதப்படாத கடிதங்கள் ஒன்பது என்று போன வெள்ளிக்கிழமை பதிவேட்டில் எழுதியிருந்தேன். இன்று எண்ணியபோது எட்டுதான் இருந்தன. எண் 2இல் நீலக் குறி இருப்பதை அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஒன்பதை அடித்து எட்டு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சல்வாவின் நாட்குறிப்பு தினமும் இப்படித்தான் தொடங்கும். ஆவணப் பாதுகாப்பு மாலை வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: முதல் வரியில் அன்று செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை. நடுவில் என்ன எழுதுவது என்பது அவரவர் பாடு. கூடப் படித்தவர்கள் இரண்டே வாரத்தில் அதை விட்டுவிட்டார்கள். சல்வா விடவில்லை. முதல் வரிக்கு அவளுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வழக்கம்போல் தெத்துவான் பழைய ஊருக்குள் நுழைந்து, பொது ரொட்டி அடுப்பு இருக்கும் சந்தில் திரும்பி, மூன்றாவது கதவைத் தட்டினாள். லல்லா பத்தூல் கதவைத் திறக்கச் சற்று நேரமானது. ஒரு கையில் தேநீர்க் கெண்டி இருந்தது.

"வந்துட்டியா கணக்குப்பிள்ளை? ஒன்பது நேத்து எட்டாச்சு. இன்னைக்கு ஏழும்பே. இப்படியே போனா வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வெறும் பெட்டியத்தான் தூக்கிட்டுப் போகணும்."

"என் தப்புதான் லல்லா. சரியாப் பாக்கல."

"அவர் இருந்திருந்தா உன்னை உக்கார வச்சுத் தேன் ஊத்தி ரொட்டி குடுத்திருப்பார். தப்பை ஒத்துக்கற ஆளை அந்தப் பல்கலைக்கழகத்துல நாப்பது வருஷமா தேடினவர்."

அவர் என்றால் லல்லா பத்தூலின் கணவர், ஊரே மரியாதையோடு 'ஸி' சேர்த்து அழைத்த பேராசிரியர் முஃபத்தல் ரகூன். பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தவர். அந்தலூசிய இசைக் குழுவில் ரபாப் வாசித்தவர். இரண்டே நரம்புகள் கொண்ட, வில்லால் இழுத்து வாசிக்கிற சின்ன வாத்தியம் அது. குழுவில் முன்வரிசையில் அவர்தான் உட்காருவார். ஒருவர் ஓரடி பாடி முடித்ததும் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து அதே மெட்டைத் திருப்பி வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் முடியுமுன் யாராவது வில்லைக் கீழே வைத்தால் ஒத்திகையையே நிறுத்திவிடுவாராம்.

கடிதங்களிலும் அப்படித்தான். வந்த கடிதம் மேசையின் இடப்பக்கம் இருக்கும். பதில் எழுதியதும் அதன் மேல் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு சாய்ந்த கோடும், பக்கத்தில் தேதியும் போட்டு வலப்பக்கம் நகர்த்துவார். மாதமும் வருடமும் எழுதமாட்டார். நாள் மட்டும்தான். போன வருடம் செப்டம்பர் 14ஆம் தேதி அந்த மேசையிலேயே தலைசாய்ந்து இறந்தபோது வலப்பக்கம் சேர்ந்திருந்தவை ஆயிரத்து நூற்று முப்பத்தேழு. இடப்பக்கக் கட்டில் ஒன்பது.

அந்த ஒன்பதில் ஏழாவது ஸுஹைர் எழுதியது.

ஸுஹைர் சல்வாவின் தம்பி. ஸி முஃபத்தலின் மாணவன். வயலினை முழங்கால்மேல் நிறுத்தி வாசிப்பான். வகுப்புக்கு வரவில்லை என்று பல்கலைக்கழகத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். 'நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்' என்று செப்டம்பர் 9ஆம் தேதி எழுதியிருந்தான். ஐந்து நாளில் பேராசிரியர் போய்விட்டார். ஸுஹைர் அடக்கத்துக்குப் போய் வந்தான். அதன்பிறகு வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில், கடலில் மூடுபனி இறங்கிய ஒரு நாள், ஃப்னிதக் கரையிலிருந்து ஸ்பெயின்காரர்கள் வசமிருக்கும் செப்தாவுக்கு நீந்தப் போனவர்களில் அவனும் ஒருவன். சிலரை ஸ்பெயின்காரர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் அக்கரையிலிருந்து பேசினார்கள். மூன்று பேரைக் கடல் திருப்பித் தந்தது. ஸுஹைர் இந்த மூன்று கணக்கிலும் வரவில்லை.

பேராசிரியர் வீட்டுக் கடிதங்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்று வகுப்பில் கேட்டபோது சல்வா கையைத் தூக்கியது இதற்காகத்தான். பதில் எழுதி அஞ்சலில் சேர்க்காமல் விட்டிருப்பாரோ என்று பார்க்க நினைத்தாள். எழுதவில்லை. கடிதத்தைப் பார்த்த அன்றைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தன்னை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பதிமூன்று மாதமாக அந்த ஊசி இறங்கவில்லை.

*

கடிதம் யார் கையில் இருந்தாலும் அதை எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் நூலகத்தில் ஒப்படைக்கக்கூடாது என்பது வகுப்பில் படித்த விதி. வலப்பக்கக் கட்டுக்குப் பேராசிரியரே ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார். மீதி ஒன்பது பேரிடம் சல்வா கேட்க வேண்டும்.

முதலில் எண் 2. ஷெஃப்ஷாவனில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகன் பேசினான்.

"எங்க வாப்பாவா? நேத்து விடியறதுக்கு முன்னாடி மவுத்தாயிட்டாங்கம்மா. வீடு பூரா ஆளுங்க."

சல்வா ஆறுதலாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"பேராசிரியர் வீட்லேருந்தா பேசறீங்க? கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டாங்க. பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு. அவரே போயிட்டாரு வாப்பான்னு சொன்னாலும் மண்டைல ஏறல."

அவள் எண் 2ஐப் பார்த்தாள். சாய்ந்த கோடு. பக்கத்தில் 3 என்ற எண். நேற்று மூன்றாம் தேதி.

செப்டம்பர் மூன்றாகவும் இருக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அஞ்சல் முத்திரை செப்டம்பர் 1. பொருந்துகிறது. தான் கவனிக்காமல் விட்டதுதான்.

கட்டை மறுபடி எண்ணினாள்.

ஏழு.

எண் 5இல் கோடு இருந்தது. பக்கத்தில் 4. அந்த உறையின் முத்திரையோ செப்டம்பர் 8. வருவதற்கு நான்கு நாள் முன்பே ஒரு கடிதத்துக்கு யாரும் பதில் எழுத முடியாது. நேற்று மாலை ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் அவள் எட்டு என்று எழுதியிருந்தாள்.

எண் 5 லராஷில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அழைத்தாள். வேறு யாரோ எடுத்தார்கள். கடை சாத்தியாயிற்று, முதலாளி மதியம் கல்லாவிலேயே சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

சல்வா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மணி நாலு. உள்ளே லல்லா பத்தூல் பகல் தூக்கத்தில் இருந்தாள். முற்றத்தில் வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. அறையில் ஒரு வாசம் பரவியது. வில்லுக்குத் தேய்க்கிற குங்கிலியம். ஸுஹைரின் சட்டைகளில் இருந்த அதே வாசம்.

பிறகு சத்தம்.

காகிதத்தில் பென்சில் ஓடுகிற சத்தம். அவசரமில்லாமல், ஒரு வரி முடிந்து மறு வரிக்குப் போகிற இடைவெளியோடு.

சத்தம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேசையில் யாரும் இல்லை.

பக்கம் முழுக்க எழுதி முடிக்கிற நேரம் அது நீடித்தது. கடைசியில் ஒரே ஒரு கீச்சு. சாய்ந்த கோடு இழுக்கிற சத்தம்.

அவள் எழுந்து நடுக்கூடத்துக்குப் போனாள். லல்லா பத்தூல் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"என்ன?"

"லல்லா, அந்த அறைல ஒரு சத்தம்…"

"அதுவா? வேலை செய்யறார். நீ போய் உன் வேலையப் பாரு." அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். "நாப்பது வருஷமா அந்தச் சத்தத்துலதான் தூங்கறேன். நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

சல்வா திரும்பி வந்து கட்டைப் பிரித்தாள். தேடியது ஒரே எண்ணைத்தான். ஏழு சுத்தமாக இருந்தது. கோடு எட்டில் இருந்தது. பக்கத்தில் 5.

இன்று நாலு.

எண் 8 ரபாத்தில் இருந்த கன்ஸா என்ற பெண்மணி. ஒரு காலத்தில் வானொலியில் பாடியவர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"முஃபத்தல் வீட்டுப் பொண்ணா? ஒப்புதலா? எழுதினதே என்ன எழுதினேன்னு ஞாபகமில்ல. ஏதாவது காதல் கீதல் இருந்தா முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு, அப்புறம் நூலகத்துல குடு."

"இல்லம்மா, ஒரு பாட்டோட ரெண்டாவது அடி எதுன்னு கேட்டிருக்கீங்க."

"அவ்வளவுதானா? சே!" அவர் சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

"அம்மா, உடம்பு எப்படியிருக்கு? நாளைக்கு… நாளைக்கு யாராவது கூட இருப்பாங்களா?"

"ஏன், நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பாக்க வர்றியா? கல்லு மாதிரி இருக்கேன். காலைல எண்ணெய் ரொட்டி மூணு சாப்பிட்டேன். வை போனை, தொடர் ஆரம்பிச்சிட்டான்."

புதன்கிழமை மதியம் அவள் மறுபடி அழைத்தாள். ஒரு பெண் அழுதுகொண்டே எடுத்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையில் தேநீர்க் குவளையோடு கன்ஸா போய்விட்டாராம்.

சல்வா பதிவேட்டில் எண் 8க்கு நேரே 'ஒப்புதல் பெறப்பட்டது, நவம்பர் 4' என்று எழுதினாள். எழுதிய கையை ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

*

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது உம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா வந்துட்டுப் போனாரு."

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டு ஸுஹைர் பேருக்கு ஓதிடலாங்கறாரு. கூஸ்கூஸ் ஆக்கிப் போட்டுடலாமாம். பதிமூணு மாசமாச்சு, இருந்தா ஒரு போன் பண்ணியிருக்க மாட்டானான்னு கேக்கறாரு." உம்மா நிமிரவில்லை. "ஓதிட்டா அப்புறம் நான் அவன் படுக்கைக்கு விரிப்பு மாத்தக்கூடாதில்ல?"

"உம்மா…"

"நீ படிச்சவ. நீ சொல்லு. இருக்கான்னா இருக்கான்னு சொல்லு, நான் காத்துட்டு இருந்துடறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, நான் அழுதுட்டுப் போறேன். இப்படி ரெண்டுக்கும் நடுவுல என்னால முடியலடி."

சல்வா எதிரே உட்கார்ந்து, உம்மா ஒதுக்கிய கற்களை விரலால் ஒரு மூலைக்குத் தள்ளினாள். சொல்லிவிடலாம். சாகிறவர்களின் கடிதத்தில் கோடு விழுகிறது, இவன் கடிதத்தில் இல்லை, அதனால் இருக்கிறான் என்று. ஆனால் கோடுகள் இந்தத் திங்கட்கிழமைதான் விழத் தொடங்கியிருக்கின்றன. அதற்கு முன்பே போனவனுக்குக் கோடு உண்டா, இல்லையா? எட்டை ஒன்பது என்று எண்ணுகிறவள் ஓர் உயிரை எண்ணிச் சொல்லலாமா?

"நாளைக்கு வரைக்கும் பொறுங்க உம்மா. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு யார்கிட்ட கேக்கப் போறே?"

"தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட."

*

வியாழன் தேசிய விடுமுறை. சந்தில் கொடிகள் தொங்கின. ரொட்டி அடுப்பு மூடியிருந்தது. கடலிலிருந்து வந்த பனி மத்தியானமாகியும் விலகாமல் முற்றத்தில் இறங்கி நின்றது. ஓடுகள் வியர்த்திருந்தன.

மூன்று மணிக்கு லல்லா பத்தூல் படுக்கப் போனாள். சல்வா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஸி முஃபத்தலிடம் எதையும் நேரில் கேட்டுப் பயனில்லை, எழுதிக் கேட்டால்தான் பதில் வரும் என்று ஸுஹைர் சொல்லியிருக்கிறான்.

'மதிப்புக்குரிய பேராசிரியருக்கு. இடப்பக்கக் கட்டில் எண் 7 என் தம்பி ஸுஹைருடையது. அவன் இறந்துவிட்டிருந்தால் அந்தக் கடிதத்தில் உங்கள் குறியைப் போடுங்கள். உயிரோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். எங்கள் தாயார் நாளைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிக்கு, சல்வா.'

தேதி போட்டாள். மேசைமேல் கிடைக்கிற எந்தத் தாளுக்கும் எண் கொடுக்காமல் விடக்கூடாது என்று வகுப்பில் படித்தது கைப்பழக்கமாகிவிட்டது. மூலையில் 10 என்று எழுதி, பதிவேட்டில் ஏற்றி, கட்டில் வரிசைப்படி சேர்த்து, நூலால் கட்டி இடப்பக்கம் வைத்தாள். பிறகு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றரை. ஒன்றுமில்லை.

நாலடிக்கப் பத்து நிமிடம். பனி ஜன்னல் கம்பி வழியே உள்ளே வந்தது. உப்பு வாசம். அதற்கு மேலே குங்கிலிய வாசம்.

பென்சில் ஓடத் தொடங்கியது.

ஏழாக இருக்கக்கூடாது. ஒன்று, மூன்று, நாலு, ஆறு, ஒன்பது, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நினைத்த பிறகுதான் அவை எண்கள் அல்ல, எங்கோ தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற ஐந்து பேர் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அவள் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை.

சத்தம் நீளவில்லை. முந்தாநாள்போலப் பக்கம் நிறைய எழுதவில்லை.

இரண்டு வரி. அதற்கு மேல் இருக்காது.

கோடு இழுபட்டது.

அவள் எழுந்து போய் நூலை அவிழ்த்தாள். கட்டியது கட்டியபடியே இருந்தது. எண் 7. முன்பக்கம் சுத்தம். பின்பக்கம் சுத்தம். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். ஸுஹைரின் சரிந்த கையெழுத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

ஒன்று சுத்தம். மூன்று சுத்தம். நாலு, ஆறு, ஒன்பது சுத்தம்.

எண் 10இல் கோடு இருந்தது. பக்கத்தில் 7.

நாளைக்கு ஏழாம் தேதி.

பின்னால் செருப்புச் சத்தம். லல்லா பத்தூல் வாசற்படியில் நின்றாள். முழிப்பு வந்துவிட்டது. சல்வாவின் கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு முறை படித்தாள்.

"உன் தம்பியா அது?"

"ஆமா லல்லா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவள் தாளைத் திருப்பித் தரவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா தினம் அந்தச் சத்தத்தைக் கேக்கறேன். பேனாவும் தாளும் என் தலைமாட்டுலேயே இருக்கு. நான் ஏன் அவருக்கு ஒரு வரி கூட எழுதலன்னு நினைக்கிறே?"

சல்வா தன்னைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி இன்னும் இறங்கவில்லை. அதற்காக முதல்முறையாக நன்றி சொல்லத் தோன்றியது. முற்றத்துக்குப் போய் வீட்டுக்குப் பேசினாள்.

"உம்மா, ஓத வேணாம். அவன் இருக்கான்."

மறுமுனையில் எதையோ டக்கென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நெஜமாவா? யார் சொன்னா? போன் பண்ணானா?"

"இல்ல. கேட்டிருந்தேன், பதில் வந்திருக்கு. எங்கேன்னு தெரியல. ஆனா இருக்கான். நீங்க விரிப்பு மாத்துங்க."

உம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். பக்கத்தில் யாருக்கோ கத்திச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஓதறவங்களுக்கு மாமா சொல்லிட்டாரேடி. ஆட்டுக்கறி கூட வாங்கியாச்சு" என்றாள்.

"வரட்டும் உம்மா. வேணாம்னு சொல்லாதீங்க."

"ஆமா, சோறுதானே. சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீ நேரத்தோட வந்துடு."

"சரி உம்மா."

அன்று வகுப்பு இல்லை. அறையில் சத்தமும் இல்லை. லல்லா பத்தூல் விளக்கைப் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூங்கப் போகவில்லை. சல்வா பெட்டிகளுக்கு நாடா கட்டி, முத்திரை வைத்து, நாட்குறிப்பை எடுத்தாள்.

நவம்பர் 6, வியாழன்.

இன்றைய தவறு: இடப்பக்கக் கட்டில் இல்லாத ஒரு தாளை அதில் சேர்த்து எண் கொடுத்தேன். அதில் குறி விழுந்துவிட்டதால் பதிவேட்டில் அடிக்கவில்லை.

எண் 10க்கு எழுதியவரின் ஒப்புதல்: பெறப்பட்டது.

நாளைய வேலை: காலை எட்டரைக்குப் பெட்டிகளை நூலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதற்கு முன் 1, 3, 4, 6, 9 ஆகியோரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். நலம் விசாரிக்கக் கூடாது. எண் 7ஐ மட்டும் பெட்டியில் வைக்காமல் உம்மா கையில் கொடுக்க வேண்டும், பத்து மணிக்குள்.